கடைசி வண்டியின் வேகம்: வழிகாட்டியுடன் சென்ற பக்கி சவாரியில் நேர்ந்த கவிழ்வு

எதைப் பற்றிய பதிவு

வெயிலுக்குப் பேர்போன ஒரு தீவில், வழிகாட்டி முன்னே செல்ல மூன்று பக்கி வண்டிகள் பின்தொடர்ந்த மாலைநேரச் சவாரி அது. கடைசியாக வந்த வண்டி ஒரு வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. ஒருவருக்குக் கையில் எலும்பு முறிந்தது.

வழிகாட்டியின் அன்றைய குறிப்பேடு, அந்த வண்டியில் இருந்த அக்காவும் தம்பியும் பின்னர் சொன்னவை, வண்டியின் கூண்டில் பொருத்தியிருந்த கேமராவின் பதிவு ஆகிய மூன்றையும் வைத்து இதைத் தொகுத்திருக்கிறேன். கேமரா வேகத்தையும் சேர்த்தே பதிந்திருந்ததால், யார் நினைவையும் நம்பியிருக்க வேண்டிய தேவை வரவில்லை. பெயர்களையும் இடத்தையும் விட்டுவிட்டேன்.

சாய்ந்தபோது வண்டியின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு அதே வண்டி 58-ஐத் தொட்டிருக்கிறது. அன்று நான்கு வண்டிகளில் வேறு எதுவும் அவ்வளவு வேகம் போகவில்லை. குழுவிலேயே அதிகம் தயங்கி, மெதுவாக வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் நின்றவர் ஓட்டிய வண்டி அது.

வண்டி

பக்கி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரை மணலில் ஓடும் பழைய வகை. 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்கள் மீது கண்ணாடியிழை உடலைப் பொருத்திச் செய்த மேயர்ஸ் மேங்ஸ்தான் அந்த உருவத்தைப் பரவலாக்கியது. இன்று சுற்றுலாத் தீவுகளில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனம்: இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும், இரும்புக் கூண்டு போர்த்திய வண்டி. எடை சுமார் 700 கிலோ. கியர் மாற்ற வேண்டியதில்லை, பெல்ட் இயக்கம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போகும் என்பதால் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டதாக உணர்கிறார்கள். அந்த உணர்வு பாதிதான் சரி.

காரில் வளைவு எடுக்கும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். இந்த வண்டிகளில், மண்ணில் பிடிப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைப்பது வழக்கம். அதனால் வளைவில் வண்டி முதலில் நேராகவே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பார். அந்த நிலையில் பயந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்சக்கரத்துக்கு மாறி, அதுவரை வழுக்கிய முன்சக்கரம் திடீரென்று மண்ணைக் கவ்வும். ஒடித்து வைத்த ஸ்டீயரிங் முழுதும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். உயரமும் ஒடுக்கமுமான வண்டிக்கு அது போதும்.

மெதுவாகப் போனால் கவிழாது என்று நம்புபவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2009 மார்ச் 31 அன்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இதே இனத்தைச் சேர்ந்த யமஹா ரைனோ வண்டிகளைப் பழுதுநீக்கும் வரை ஓட்ட வேண்டாம் என்று அறிவித்தது. 46 மரணங்களை ஆணையம் அதில் குறிப்பிட்டது. கவிழ்வுகளில் பல, சமதரையில் ஓரளவு குறைந்த வேகத்தில் திரும்பும்போது நடந்ததாகத் தெரிகிறது என்றும் சொன்னது. பின்சக்கரங்களில் 50 மில்லிமீட்டர் இடைத்தட்டு வைத்து அகலத்தைக் கூட்டுவதும், திருப்பத்தில் வண்டி நன்றாகக் கட்டுப்படுவதற்காகப் பின்பக்கச் சாய்வுக் கம்பியைக் (anti-sway bar) கழற்றுவதும் அப்போது செய்த மாற்றங்கள். அதற்கு முன்பே அரைக்கதவும் கூடுதல் கைப்பிடியும் கொடுத்திருந்தார்கள். காரணம், சாயும்போது மனிதர்கள் கையையும் காலையும் வெளியே நீட்டுகிறார்கள். விழும்போது கையூன்றுவது உடம்பின் இயல்பு. ஆனால் இங்கே ஊன்றிய கைமேல் வந்து இறங்குவது முழு வண்டி. கூண்டு, இருக்கைப் பெல்ட், அரைக்கதவு, பக்கத் திறப்பை மூடும் பக்கவலை எல்லாமே அந்த இயல்பைத் தடுத்து ஆளை உள்ளேயே வைத்திருக்கத்தான்.

குழுவும் வரிசையும்

மூன்று வாடகை வண்டிகளில் ஆறு பேர். முதல் வண்டியில் இரண்டு இளைஞர்கள்; ஓட்டியவருக்கு இது புதிதல்ல. நடுவில் ஐம்பதைக் கடந்த கணவன், மனைவி. மூன்றாவதில் அக்காவும் தம்பியும். அக்கா தினமும் கார் ஓட்டுபவர், மண்பாதைக்குப் புதியவர். தம்பிக்கு ஓட்டுநர் உரிமம் இல்லாததால் பயணி இருக்கையில்.

புறப்படும் முன் நடந்த விளக்கம் குறை சொல்ல முடியாதது. ஹெல்மெட், தூசிக்கண்ணாடி, மூடிய காலணி எல்லாம் சரிபார்க்கப்பட்டன. முதுகு இருக்கையில் படிந்து, பாதம் தரையில் பதிந்து, கை பிடிக்கு எட்டுகிறதா என்று ஒவ்வொரு பயணியையும் வழிகாட்டி உட்காரவைத்துப் பார்த்தார். நான்கு முனைப் பெல்ட்டைத் தானே இழுத்து இறுக்கினார். பக்கவலைகளை மாட்டினார். வண்டி சாய்ந்தால் ஸ்டீயரிங்கையும் கைப்பிடியையும் விடாமல் பிடியுங்கள், கையை வெளியே நீட்டாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

பிறகு, யார் தன் பின்னால் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டார். இளைஞர்கள் கை தூக்கினார்கள். அக்கா சொன்னது கேமராவில் இருக்கிறது: “நாங்க மெதுவாத்தான் வருவோம். எங்களால மத்தவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், பின்னாடியே வர்றோம்.” வழிகாட்டி சரி என்றார்.

நான்கு வண்டிகள் மட்டுமே என்பதால் வரிசையின் கடைசியில் இரண்டாவது வழிகாட்டி இல்லை. ஐந்து வண்டிகளுக்கு மேல் இருந்தால்தான் அந்நிறுவனம் பின்காவல் வண்டி அனுப்பும். வாக்கி டாக்கி வழிகாட்டியிடமும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்தது.

சவாரியின் போக்கு

முதல் ஒரு மணி நேரம் வறண்ட ஓடையின் சரளையில். பக்கத்திலிருந்து வீசிய கடற்காற்று தூசியை உடனே அள்ளிக்கொண்டு போனது. இடைவெளி 50 மீட்டர் என்ற விதியை எல்லோரும் காத்தார்கள். அக்காவின் வேகம் 20-க்கும் 30-க்கும் இடையில் சீராக இருந்தது. அதுவரை அவர் நன்றாகவே ஓட்டியிருக்கிறார்.

ஒரு மேட்டில் படம் எடுக்க நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். திரும்ப ஏறும்போது அவரவரே பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். வழிகாட்டி தன் இருக்கையிலிருந்தே கட்டைவிரலைக் காட்டிக் கேட்டார், எல்லோரும் காட்டினார்கள். தம்பி பக்கவலையின் மேல் கொக்கியை மட்டும் மாட்டியிருந்தார். போகும்போதும் கைப்பேசியில் படம் எடுக்க வசதியாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். சில மாடல்களில் ஓட்டுநர் பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வலைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அங்கிருந்து தடம் மலைச்சரிவில் மேற்கு நோக்கி இறங்கியது. ஒற்றை வண்டி போகும் மண்பாதை, கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு விஷயங்கள் ஒன்றாக மாறின. காற்று இப்போது பாதையின் நீளவாக்கில் வீசியது. முன்வண்டிகள் கிளப்பிய தூசி கலையாமல் பாதையிலேயே தொங்கியது. மாலைச் சூரியன் எதிரே தாழ்ந்திருந்தது. பின்னொளி பட்ட தூசி வெறும் மங்கல் அல்ல, வெளிச்சச் சுவர். கேமராப் பதிவில் சில இடங்களில் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

இடைவெளி அங்கேதான் நீளத் தொடங்கியது. அதற்கு யாருடைய அலட்சியமும் தேவையில்லை, கணக்கே போதும். நான்கு வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் 50 மீட்டர் இடைவெளி என்றால் கடைசி வண்டி வழிகாட்டிக்கு 150 மீட்டர் பின்னால் இருக்கிறது. வளைவுகளில் எல்லோரும் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்கிறார்கள். வழிகாட்டி வளைவுகளை முடித்து நேர்பாதையில் 40 பிடிக்கிறார். கடைசி வண்டி அதே இடத்துக்கு வர 36 வினாடி. அதற்குள் வழிகாட்டி 400 மீட்டர் போய்விடுகிறார். பழைய 150 மீட்டருக்குத் திரும்ப வேண்டுமென்றால் கடைசி வண்டி ஒரு நிமிடம் முழுக்க 55-இல் ஓட வேண்டும், அதுவும் மூன்று வண்டிகளின் தூசிக்குள். அடுத்த வளைவுத் தொகுப்பில் இது மறுபடி நடக்கும். வழிகாட்டி தன் கண்ணாடியில் பார்ப்பது தனக்கு அடுத்த வண்டியை. அது நெருக்கமாகவே வந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகப் போவதாகவே அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேமராவில் அந்த நிமிடங்களின் பேச்சு:

“அக்கா, விட்டுட்டுப் போயிடுவாங்க போல இருக்கே.”

“தூசியில ஒண்ணும் தெரியலடா. ரைட்டா லெஃப்டான்னே தெரியல.”

“முன்னாடி பிரிஞ்சு போற பாதை இருக்குன்னு சொன்னாரு இல்ல? தவறவிட்டா எங்க போவோம்?”

இதற்குப் பிறகுதான் 58. தொலைந்துபோவோமோ என்ற அச்சம், கவிழ்ந்துவிடுவோமோ என்ற அச்சத்தை வென்றுவிட்டது. அடுத்த வளைவுக்கு முன் அவர் சரியாகவே வேகத்தைக் குறைத்திருக்கிறார். ஆனால் வளைவின் வெளியோரத்தில் மழைநீர் அரித்த பள்ளம் தூசியில் தெரியவில்லை. வெளிப்பக்க முன்சக்கரம் அதில் இறங்கியது. வெளியே வர ஸ்டீயரிங்கை ஒடித்தார், காலை எடுத்தார். முன்சக்கரம் பள்ளத்தின் கரையைக் கவ்வியதும் வண்டி மெல்ல, படம் பார்ப்பதுபோல் என்று தம்பி சொன்னார், அவர் இருந்த பக்கமாகச் சாய்ந்தது. சாயத் தொடங்கியதிலிருந்து தரையைத் தொடும் வரை ஒன்றரை வினாடிகூட இல்லை. அதற்குள் அவருடைய கை கைப்பேசியை விட்டுவிட்டு, கீழே திறந்திருந்த வலையைத் தாண்டி வெளியே போயிருந்தது.

வழிகாட்டி எடுத்த முடிவுகள்

பாதை பிரியும் இடத்தில் வழிகாட்டி நின்றார். இரண்டு வண்டிகள் வந்தன, மூன்றாவது வரவில்லை. உடனே திரும்பிப் பாயவில்லை. வந்த இரண்டு வண்டிகளையும் பாதையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, விளக்கை மின்னவிட்டு, இறங்க வேண்டாம் என்றார். அலுவலகத்துக்கு வாக்கி டாக்கியில் சொன்னார். தூசி அடங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகே விளக்கு எரிய, நடை வேகத்தில், வந்த வழியே போனார்.

அந்த ஒரு நிமிடத்தை இளைஞர்களில் ஒருவர் பின்னர் குறையாகச் சொன்னார். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஒற்றைத் தடத்தில், தூசிக்குள், எதிர்த்திசையில் போகிறவருக்கு முன்னால் இருக்கக்கூடியது கவிழ்ந்த வண்டி மட்டுமல்ல. வேகமாகத் துரத்தி வரும் வண்டியாகவும் இருக்கலாம். நேருக்கு நேர் மோதினால் உதவப் போனவரும் உதவிக்காகக் கிடப்பவராகிவிடுவார்.

அக்கா எஞ்சினை அணைத்திருந்தார். பெட்ரோல் வாடை இருந்தது, கசிவு தெரியவில்லை. சாவியை எடுத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வழிகாட்டி பேசினார்: கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்திருக்கிறதா, விரல்களை அசைக்க முடிகிறதா. அக்கா பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் கீழே தம்பி. பெல்ட்டைக் கழற்றட்டுமா என்று அக்கா கேட்டதும் வேண்டாம் என்று தடுத்தது முக்கியமான முடிவு. கழற்றியிருந்தால் முழு உடம்பும் தம்பிமேல் விழுந்திருக்கும். தம்பியின் கை கம்பிக்கு அடியில் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் அவரை முன்பக்கத் திறப்பு வழியாக ஊர்ந்து வரச் சொன்னார். பிறகு அக்காவைக் கால்களால் முன்பலகையில் ஊன்றச் சொல்லி, தன் தோளைக் கொடுத்து, அதன்பின் பெல்ட்டை விடுவித்தார். பெல்ட்டும் கூண்டும் தங்கள் வேலையைச் செய்திருந்தன; அக்காவுக்குத் தோளில் பெல்ட் அழுத்திய தடம் மட்டும்.

தம்பியின் கையில் சரளை உரசித் தோல் போயிருந்தது, வெளியோரம் வீங்கத் தொடங்கியிருந்தது. வழிகாட்டி செய்த முதல் வேலை விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றியது. வீக்கம் ஏறிய பின் அது கழலாது, ரத்த ஓட்டத்தையும் நெரிக்கும். காயத்தைக் குடிநீரால் கழுவி, கையை அசையாமல் கட்டி, நெஞ்சோடு தூக்கிவைத்தார். ஹெல்மெட்டின் பக்கத்தில் புதுக் கீறல் இருந்தது. தலை வலிக்கவில்லை என்று தம்பி சொன்னபோதும், தலையில் அடிபட்டதாகவே குறித்து, அப்படியே மருத்துவமனைக்கும் தெரிவித்தார்.

வண்டியை நிமிர்த்தி ஓட்டிப் போகலாமே என்று அக்காவே கேட்டார். தான் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துத்தான் கை நடுக்கம் வந்தது. வழிகாட்டி மறுத்துவிட்டார். பக்கவாட்டில் கிடந்த வண்டியில் எஞ்சின் எண்ணெய் காற்று வடிகட்டிக்கும் சிலிண்டருக்கும் போயிருக்கலாம், உடனே இயக்கினால் எஞ்சின் உடையும். ஸ்டீயரிங் கம்பி வளைந்திருந்தால் இறக்கத்தில்தான் தெரியவரும். வண்டியை அங்கேயே விட்டு, தன் நான்கு இருக்கை வண்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டார். மற்ற இரண்டு வண்டிகளும் மீதித் தூரத்தை 20-க்குள் ஓட்டின. நடு வண்டி இம்முறை முன்னால் வந்தது.

விளைவு

எக்ஸ்ரேயில் சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு விலகாததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, கட்டுப் போட்டார்கள். தலைக்கு ஓர் இரவு கண்காணிப்பு. தொந்தரவு எதுவும் இல்லை. கை இன்னும் ஒரு சாண் வெளியே போயிருந்தால் கூண்டின் கம்பி அதன்மேல் இறங்கியிருக்கும். இப்படிப்பட்ட கவிழ்வுகளில் விரலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு.

வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் பழுது எதுவும் இல்லை. பிரேக், டயர்க் காற்று, வலையின் கொக்கி எல்லாம் சரி. கீழ்க் கொக்கி மாட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

மாற வேண்டியவை

நிறுவனம் முதலில் யோசித்தது வேகக் கட்டுப்பாடு: வேகத்தை மட்டுப்படுத்தும் சாவி கொண்ட வண்டிகளாக மாற்றுவது. நல்லதுதான், ஆனால் இந்தக் கவிழ்வு 25-க்குள் நடந்தது. வரிசையையும் இடைவெளியையும் அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் பூட்டினால், கடைசி வண்டி நிஜமாகவே தொலைந்துபோகும். தொலைந்தவர் தனியாகத் தடம் தேடுவார். அது இதைவிட மோசம்.

வரிசையைத்தான் முதலில் தொட வேண்டும். யார் முதலில் என்று கேட்பதே தவறு. அந்தக் கேள்விக்குத் துணிச்சல்காரர் முன்னால் வருவார், கூச்சப்படுபவர் பின்னால் போவார், எப்போதும். வழிகாட்டி அமர்த்த வேண்டும்: குழுவில் அனுபவம் குறைந்தவர் வழிகாட்டிக்கு நேர் பின்னால். அங்கே தூசி ஒரே வண்டியுடையது, வழிகாட்டியின் கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிவார், அவர் வேகமே குழுவின் வேகமாகும். அனுபவமுள்ளவர் கடைசியில். இளைஞர்களுக்கு அது பிடிக்காது. கடைசி வண்டிதான் குழுவைக் காக்கும் இடம் என்று சொன்னால் பெருமையாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வேறொரு வழிகாட்டி என்னிடம் சொன்னார்.

இரண்டாவது, பின்னால் வருபவரைப் பார்க்கும் பொறுப்பு முன்னால் போகிறவருக்கு. ஒவ்வொரு வளைவுத் தொகுப்பு முடிந்ததும், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், பின்வண்டியின் விளக்கு தெரியும் வரை நிற்க வேண்டும். பாலைவனத்திலும் காட்டிலும் கூட்டாக ஓட்டுபவர்களிடையே இது பழைய வழக்கம். இந்த விதி இருப்பது கடைசியில் வருபவருக்குத் தெரிந்தாலே போதும், துரத்த வேண்டிய தேவை போய்விடும். அன்று அக்காவிடம் யாராவது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் 58 வந்திருக்காது என்று நினைக்கிறேன். தூசி தெளியவில்லை என்றால் 50 மீட்டர் விதி பொருந்தாது என்பதையும், முன்வண்டியின் தூசி அடங்கும் வரை நின்று வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பு புறப்படும்போது ஒருமுறை என்று முடியக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் வழிகாட்டி இறங்கி, பெல்ட்டையும் வலையையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். படம் எடுக்கும் கைப்பேசி நிறுத்தங்களில் மட்டும். நேரம் எடுப்பதாகச் சொல்வார்கள். மூன்று வண்டிக்கு அதிகம் போனால் இரண்டு நிமிடம்.

இவற்றில் வரிசையும், நிறுத்தங்களுக்குப் பிந்தைய சரிபார்ப்பும் அந்நிறுவனத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டன. வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி வாங்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேற்குச் சரிவைக் காலையில் வைத்துக்கொண்டு, மாலைச் சவாரியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி தடத்தைத் திருப்ப வேண்டும் என்ற யோசனை மட்டும் நிலுவையில் இருக்கிறது. சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் வாடிக்கையாளர்கள் மாலைச் சவாரிக்கு வருகிறார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். சரிவில் இறங்காமல் மேட்டிலேயே நின்று அதைப் பார்த்துவிட்டு, ஓடை வழியாகத் திரும்பலாம் என்று வழிகாட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்.